மாப்பிள்ளை பில்டு பண்றார்

ஓசூர்ப் பக்கம் கொஞ்ச காலமாக ஓர் இனம் பெருகி வருகிறது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், கைப்பேசியில் ஒரு கம்ப்யூட்டர் விசிறியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு ஒருவன் போனால், அவன் அந்த இனம்தான். தன்னை கேமர் என்று சொல்லிக்கொள்வான். என்ன கேம் ஆடுகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேமின் பெயர் வராது. கிராபிக்ஸ் கார்டின் பெயர் வரும், அடுத்த வருஷம் வரப்போகும் கார்டின் பெயர் வரும், இப்போது இருப்பது ஏன் போதாது என்ற விளக்கம் வரும், அதற்குள் நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டாப்பும் வந்து போயிருக்கும்.

ஆடவே மாட்டானா? ஆடுவான். திரையில் ஓர் அரக்கன் கோடரியோடு வந்து இவன் தலையிலேயே போட்டுக்கொண்டிருப்பான். இவனோ மேல்மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருப்பான். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது, கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். தான் செத்துப்போனதுகூடத் தெரியாமல் கேமை மூடிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

நம் இளம்பரிதி இதில் முற்றிய கேஸ். சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். முடியளவு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். வாடகை வீடு, ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அந்தப் படுக்கையறையில் வீட்டின் ஒரே ஏசி. அந்த ஏசிக்குக் கீழே மேசை போட்டு, கம்ப்யூட்டர் அமர்ந்திருக்கிறது. அவனும் மனைவி ஹரிணியும் சின்ன மகளும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். சித்திரை வெயிலில் குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"பாப்பாவ மட்டுமாவது உள்ள படுக்க வெக்கலாங்க" என்றாள் ஹரிணி ஒருநாள்.

"தூசி வரும் ஹரிணி. அப்பறம், மூச்சுக்காத்துல ரூமு சூடாவும்."

பெற்ற பிள்ளையின் மூச்சு. அதற்கும் டிகிரி கணக்கு. நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஹரிணி சண்டை போடவில்லை. விசிறிமட்டையை எடுத்து மகளுக்கு வீசத் தொடங்கினாள்.

ஆனால் பரிதிக்கும் ஒரு துக்கம் இருந்தது. இந்த முறை பெட்டியைப் பிரித்து, சூடு தணிக்கத் தண்ணீர்க் குழாயெல்லாம் ஓட்டி, முழுக்கப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான்; அந்த இனத்தின் பாஷையில் 'பில்டு'. அதைப் பற்றி ஒரு ஆள் கேட்க வேண்டுமே? 'ஓசூர் பில்டர்ஸ்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தான். அதில் இருந்தவர்கள் தங்கள் பெட்டியைப் பற்றி மட்டும் பேசினார்கள். பெயரைப் பார்த்துத் தெரியாமல் வந்து சேர்ந்த மேஸ்திரி கங்கப்பன் ஒருவர்தான் எல்லோருக்கும் காலை வணக்கம் போட்டு, கூடவே எம் சாண்ட் லோடு வேண்டுமா என்று அன்பாக விசாரித்தார்.

இந்த வறட்சியில்தான் மாமனாரிடமிருந்து போன் வந்தது. உத்தனப்பள்ளியில் தக்காளி போட்டிருக்கும் கரியப்பன்.

"மாப்ள, ஏதோ பில்டு பண்றீங்களாமே. உங்க கம்பெனி ஆனந்த் சொன்னான். ஹரிணியக் கேட்டன், அவரையே கேளுங்கன்னிச்சி."

பரிதிக்கு உடம்பு சிலிர்த்தது. "ஆமாங்க மாமா."

"எந்த மட்டுல இருக்குது?"

"ஒயரிங் முடிஞ்சிது மாமா. எல்லாம் உள்ளயே ஓட்டியாச்சி, வெளிய ஒண்ணும் தெரியாது."

"அதாம் லட்சணம். தண்ணி?"

"தண்ணி லைனும் போட்டாச்சி. நாள் பூரா ஓட விட்டுப் பாத்தன், ஒரு சொட்டு ஒழுகல."

"காத்தோட்டம் எப்பிடி?"

இதைக் கேட்க ஒருவர் வரமாட்டாரா என்று எத்தனை காலமாகக் காத்திருந்தான். "முன்னாடி வர்ற காத்து நேரா பின்னாடி போயிடும் மாமா. ரெண்டு பக்கமும் கண்ணாடி. கெழக்கப் பாத்த மாதிரி வெச்சிருக்கன்."

"கண்ணாடியா? பெங்களூரு கணக்கா இருக்கும் போல. எங்களுக்கு எப்பக் காட்டறீங்க?"

"ஞாயித்துக்கெழம வாங்க மாமா. அன்னிக்கிதான் மொத மொதல்ல லைட்டு போடறன்."

போனை வைத்தபோது பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் தக்காளித் தோட்டத்தில் இருக்கிறார். அங்கே தோட்டத்தில் கரியப்பனுக்கும் கண் கலங்கியிருந்தது. மகள் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறாளே என்ற கவலை அன்றுதான் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. கரியப்பன் பட்டு வேட்டியில் இறங்கினார். மாமியார் ரங்கம்மா இறங்கினாள். சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். வாழைக்கன்று, பூசணிக்காய், சாமி படம், புதுப் பானை, கேனில் பால், கடைசியாக ஒரு பசுங்கன்று. கன்று நேராகப் போய் வீட்டுக்காரரின் குரோட்டன்ஸை மேயத் தொடங்கியது. பூசணிக்காயைப் பார்த்ததும் பரிதி நெகிழ்ந்துபோனான். பெட்டிக்குத் திருஷ்டி சுற்றவல்லவா கொண்டுவந்திருக்கிறார்கள்.

"போலாமா மாப்ள?"

"வாங்க மாமா, உள்ளதான் இருக்குது."

"உள்ளயா?"

படுக்கையறைக் கதவைத் திறந்தான். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. ஸ்விட்சைத் தட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா எரிந்து, சிவப்பாகி, பச்சையாகி, விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின. தண்ணீர்க் குழாய்கள் மின்னின. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது.

கரியப்பன் அதை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இதுல யாரு மாப்ள குடி போறது?"

பரிதிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒயரிங், தண்ணி, காத்தோட்டம், கெழக்கு. காது சிவந்துவிட்டது. ஹரிணி பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

"நீங்க அத்தன சந்தோசமா பேசிட்டிருந்தீங்க. எடையில பூந்து பேசினா உங்களுக்குப் புடிக்காதே."

ரங்கம்மா எதையும் கவனிக்கவில்லை. அறையின் குளிர்ச்சியில் நின்று, பேத்தியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "சில்லுனு இருக்குது. இங்க யாரும்மா படுக்கறது?"

"அதாம்மா" என்று பெட்டியைக் காட்டினாள் ஹரிணி.

கரியப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"நல்ல நேரம் போவுது. கொண்டாந்த பாலத் திருப்பி எடுத்துக்குனு போவக் கூடாது. இங்கயே காச்சிடலாம்."

"மாமா, இங்க வேணாங்க. ஆவி பட்டா உள்ள..."

"அப்ப அத வெளிய வெய்ங்க மாப்ள."

அவ்வளவு மரியாதையாகச் சொல்லி யாரும் யாரையும் அடித்திருக்க மாட்டார்கள். பெட்டி ஹாலுக்குப் போய், செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் அமர்ந்தது. படுக்கையறையில் அடுப்பு வைத்து, பால் பொங்கி, எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கிடைத்தது. மேஸ்திரி கங்கப்பன் ஆட்கள் கட்டாத வீட்டுக்கு வாசலில் பூசணிக்காய் உடைந்தது. ரங்கம்மா பாயை உள்ளே விரித்துப் பேத்தியைப் படுக்க வைத்தாள். குழந்தை சொறிந்துகொள்ளாமல் மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். ஹரிணி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிதியும் இப்போது அந்த அறையில்தான் படுக்கிறான், சுகமாகக் குறட்டை விடுகிறான். காலையில் எழுந்ததும் ஹாலுக்குப் போய் எண்ணைப் பார்த்துவிட்டு, "நாலு டிகிரி ஏறிடுச்சி" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்வதுபோல் எல்லோரிடமும் சொல்கிறான்.

நமக்கு இந்தப் பைத்தியம் இல்லையப்பா என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துக்கொண்டே உங்கள் வீட்டையும் ஒரு சுற்று பாருங்கள். விருந்தாளிக்கென்று வாங்கி எந்த விருந்தாளிக்கும் எடுக்காத தட்டு, பாலித்தீன் உறை கழற்றாத சோபா, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதுகு மட்டும் தெரியும் புத்தகங்கள். கரியப்பன் குட்டியானையில் தக்காளி ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வழியாகத்தான் போய்வருகிறார். வண்டியை நிறுத்தி, உள்ளே வந்து, அதே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போக அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?