பாக்கெட்டுக்கும் மூஞ்சி உண்டு

கடைக்கு வருகிறவர்கள் பொருள் வாங்கினால் கோபப்படுகிற கடை ஊழியரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலையும் பார்த்திருக்கிறேன். உயிரோடு திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழே இறங்கும் சாலையில் இருந்த சூப்பர் மார்க்கெட் அது. நான் பில்லிங் கவுன்ட்டரில். அவர் ரேக்குகளுக்குப் பொறுப்பு. மலையிலேயே உள்ள போளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வெயில் அடித்தாலும் கழற்றாத குரங்குக் குல்லா. பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘மூஞ்சி அண்ணன்’. அவர் முகத்தில் ஒரு குறையும் கிடையாது. “மூஞ்சி தெரியணும்ல!” என்று நாளைக்கு நூறு தடவை சொல்வார், அதனால் வந்த பெயர். பாக்கெட் என்று இருந்தால் அதன் முன்பக்கம் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட் போதும், அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

காலையில் கடை திறக்கும்போது ரேக்குகள் சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நிற்கும். அதைப் பார்த்து அவர் ஒரு பெருமூச்சு விடுவார். அப்போது கதவைத் திறந்துகொண்டு முதல் வாடிக்கையாளர் வருவார். மூஞ்சி அண்ணனின் முகம் வாடிவிடும்.

“வந்துட்டாய்ங்க பில்லு, கலைக்கிறதுக்கு” என்பார் என்னிடம். என் பெயரும் அவருக்குத் தெரியாது. பில் போடுவதால் நான் பில்லு.

வாடிக்கையாளர்களை அவர் இனம் பிரித்து வைத்திருந்தார். ரொட்டியைக் கட்டை விரலால் குத்திப் பார்த்துவிட்டு வேறு ரொட்டி எடுப்பவர் ‘அமுக்கி’. பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடாமல் வைப்பவர் ‘மோப்பம்’. ஆப்பிள் குவியலில் அடியில் இருப்பதைத்தான் உருவுவேன் என்று நிற்பவர் ‘அஸ்திவாரம்’. டிராலியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, மதுரையில் இருக்கும் கொழுந்தியாளிடம் போனில் வழக்குப் பேசுபவர் ‘செக்போஸ்ட்’. திராட்சையை ருசி பார்க்கிறேன் என்று அரைக் கொத்தை முடித்துவிட்டு “புளிக்குதே” என்று போகிறவர்களுக்கு மட்டும் அவர் பெயர் வைக்கவில்லை. “அதுக்கு இனிமேத்தான் வார்த்தை கண்டுபிடிக்கணும்” என்றார்.

ஆனால் அவருடைய பரம எதிரிகள் வேறு. எடுத்த பொருள் வேண்டாம் என்று தோன்றியதும், நிற்கிற இடத்திலேயே செருகிவிட்டுப் போகிறவர்கள். சோப்பு ரேக்கில் பன்னீர் இருக்கும். ஊதுபத்திக்கு நடுவில் உறைந்த கோழி, உறைவு விட்டுச் சொட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் குழந்தைகள் டயாபர் அடுக்குக்குள் ஒரு கோப்பை ஐஸ்கிரீம் கிடந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் கடை முழுக்கச் சுற்றினார். “இது யாரு புள்ளைங்க? ஐயா, இது உங்க புள்ளையா? அம்மா, நீங்க பெத்ததா?” கடையில் ஒருவரும் நிமிரவில்லை. ஐஸ்கிரீம் மட்டும் அவர் முழங்கை வரை உருகி வழிந்தது.

ஒரு தடவை குரங்கு ஒன்று உள்ளே வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அலறினோம். அது நிதானமாக நடந்து போய், முன் வரிசையில் இருந்த ஒரே ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, வந்த வழியே போனது. மூஞ்சி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொரத்துங்கண்ணே!” என்று கத்தினேன்.

“எதுக்கு? முன்னாடி இருந்தத எடுத்துச்சு, ஒண்ணுதான் எடுத்துச்சு, பக்கத்துல உள்ளதத் தொடல. இத்தன வருசத்துல இப்பிடி ஒரு கஸ்டமரு வந்ததில்ல பில்லு.”

அவரோடு ஒத்துப்போகாத இன்னொரு கூட்டம் கம்பெனி ஆட்கள். புதுச் சரக்கைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைக்கச் சொல்லி முதலாளியைச் சரிக்கட்டிவிட்டு வருவார்கள். எங்கள் முதலாளி கன்னிவாடிக்காரர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் மூஞ்சி அண்ணன் இரண்டாவது ரேக்குக்கு முன்னால் நின்றுகொண்டு நகரவே மாட்டார். “வேற எங்கயாச்சும் வைங்க. இந்த ரேக்குல ஒரு தட்டு நகராது.” ஏன் என்று கேட்டால், “இங்கதான் இருக்கும், அவ்ளோதான்” என்பார். கிறுக்கு முற்றிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு காட்டுமாடு வந்து நின்றது.

உவமை இல்லை, நிஜமான காட்டுமாடுதான். மே மாதச் சீசன், மாலை நான்கு மணி, மூடுபனி. கடைக்குள் வெளியூர்க்காரர்கள் இருபது பேருக்கு மேல். வாசலில் லாரி மாதிரி ஒன்று வந்து நின்று, வெளியே வைத்திருந்த முட்டைக்கோஸ் கூடையில் வாயை வைத்தது. ஷட்டரைப் பாதி இறக்கினோம். மாடு நகர்கிற வரை யாரும் வெளியே போக முடியாது.

மூஞ்சி அண்ணனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததே இல்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. மாடு சாப்ட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு சோலியும் கெடையாது. அவங்கவங்க எடம் மாத்தி வெச்சத அவங்கவங்க எடுத்து, இருந்த எடத்துலயே வைங்க. மூஞ்சி தெரியணும்!”

தோல் ஜாக்கெட் போட்ட ஒருவர் முன்னால் வந்தார். “நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?”

“தெரியுங்க. தக்காளி சாஸ ஊறுகாய்த் தட்டுல வெச்ச ஆளு நீங்க.”

ஒரு பெண் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தோ என்னவோ, ஜாக்கெட்காரர் சாஸை எடுக்கப் போனார். பின்னாலேயே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒரு தாத்தா நூடுல்ஸ்களை அளவெடுத்து அடுக்கினார். மாடு கூடையை முடித்துவிட்டுப் போனபோது, கடை திறந்த நிமிஷத்தில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. மூஞ்சி அண்ணன் கண் கலங்கி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

சிரித்த பெண் அதையெல்லாம் போனில் படம் பிடித்திருந்தார். ‘வாடிக்கையாளர்களை வேலை வாங்கும் கடை’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். மறுநாள் காலைக்குள் அது கன்னிவாடியில் முதலாளியின் மாமனார் வரை போய்ச் சேர்ந்தது. ஜாக்கெட்காரர் சுற்றுலா வேன்கள் வைத்து ஓட்டுபவராம். இனி ஒரு வேனும் உங்கள் கடை வாசலில் நிற்காது என்று போன் பண்ணினார். சீசனில் வேன் நிற்காவிட்டால் கடை என்ன ஆகும்?

முதலாளி மூஞ்சி அண்ணனைக் கூப்பிட்டார். “ஏப்பா, கடைன்னா நாலு பேரு கலைக்கத்தான் செய்வாங்க. கலைச்சாத்தான் யாவாரம். நாளையிலருந்து நீ குடோனுக்குப் போயிரு.”

“குடோனுக்குக் கஸ்டமர் வருவாங்களா மொதலாளி?”

“ஒருத்தரும் வரமாட்டாங்க.”

அவர் முகம் பதவி உயர்வு வாங்கியவர் போல மலர்ந்தது. ஆனால் போகும்போது இரண்டாவது ரேக் பக்கம் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “ரஸ்க்குத் தட்ட மட்டும் பாத்துக்க பில்லு. மூணாவது தட்டு, எடது ஓரம்” என்றார். சரி என்றேன். அன்றைக்கு வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். அந்த நிமிஷமே மறந்துவிட்டேன்.

குடோனில் அவர் மூட்டைகளின் தையல் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி அடுக்கினார். எலிகள்கூட ஓரமாக வரிசையில் போவதாகச் சரக்கு இறக்குபவர்கள் சொன்னார்கள். மேலே கடையோ பத்தே நாளில் சந்தைக்கடை ஆனது. இரண்டாவது ரேக்கில் கம்பெனி ஆட்கள் தங்கள் இஷ்டத்துக்குப் புகுந்தார்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அட்டுவம்பட்டி பக்கம் தனியாக இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் விறைப்பாக நடந்து வருவார். எதையும் குனிந்து பார்க்கமாட்டார், யாரிடமும் கேட்கமாட்டார். கையை நீட்டினால் பொருள், அவ்வளவுதான். “என்னா மிடுக்கு பாரு” என்று நாங்கள் முணுமுணுப்போம்.

ஒருநாள் அவருடைய சர்ச் சபைத் தோழி ஒருவர் என் கவுன்ட்டருக்கு வந்தார்.

“ஏம்மா, ஸ்டெல்லா டீச்சர் ஒரு பிஸ்கட் வாங்குனாங்கள்ல, அது எங்க இருக்கு? நேத்து எங்க பெண்கள் கூட்டத்துக்கு டீயோட வெச்சாங்க. எலும்பு மாதிரி டிசைனு. ஃபாரின் அயிட்டம்னு நெனைக்கிறேன். ஒரு தனி ருசிம்மா. நானே நாலு சாப்ட்டேன்.”

எங்கள் கடையில் எலும்பு வடிவத்தில் இருந்தது ஒரே பிஸ்கட்தான். அதன் அட்டையில் ஒரு நாய் நாக்கை நீட்டிக்கொண்டு இருக்கும். அதை டீச்சருக்குப் பில் போட்டவளும் நான்தான்.

“ஸ்டாக் தீர்ந்துருச்சுங்கம்மா” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். கூட்டம் இல்லாத நேரம். மெதுவாகக் கேட்டேன். “டீச்சர், உங்க வீட்ல நாய் வளக்குறீங்களா?”

“எனக்குப் பூனையே ஆகாது. ஏன் கேக்குற?”

சொன்னேன். அவர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார்.

“தொட்டுப் பாத்தேன். ஏதோ பூ டிசைன்னு நெனச்சுட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. நெழலாட்டந்தான் தெரியுது. சொன்னா மகன் வந்து கோயமுத்தூர் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். உங்க கடையில மட்டுந்தான் எல்லாம் வெச்ச எடத்துல இருக்கும். அத நம்பித்தான் நான் இந்த ஊர்ல இருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ரஸ்க்க ஏம்மா மாத்துனீங்க?” என்றார்.

கை எட்டும் தூரத்தில் வெங்காயம்கூட இல்லை, இருந்தால் என் அழுகைக்கு அதன் மேல் பழி போட்டிருப்பேன். டீச்சரின் கையைப் பிடித்து முதலாளியின் அறைக்குக் கூட்டிப் போனேன். அவர் அதையே அங்கேயும் சொன்னார், அழாமல், கெஞ்சாமல், பாடம் நடத்துவது போல. முதலாளி எழுந்து நின்று கேட்டார். பிறகு அவரே குடோனுக்கு இறங்கிப் போனார்.

நானும் பின்னால் போனேன். மூஞ்சி அண்ணன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சருக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியுமாய்யா?” என்றார் முதலாளி.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“அவங்களே சொல்லல, நான் எப்பிடிங்க சொல்றது?”

“அப்ப இவ்வளவு அடுக்குனதெல்லாம் அவங்களுக்காகத்தானா அண்ணே?” என்று கேட்டேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“சும்மா இரு பில்லு. அவங்க வர்றதுக்கு முன்னாடியும் நான் இப்பிடித்தான். ரெண்டாவது ரேக்கு மட்டும் அவங்களுக்கு. பாக்கி பூரா எனக்கு.”

மறுநாள் வெள்ளனே அவர் மேலே வந்துவிட்டார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வாடிக்கையாளர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூஞ்சி அண்ணன் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். அன்றிலிருந்து பாக்கெட்டுகளிடம் மட்டும்தான் பேசினார்.

“ஏன் கண்ணு, சோப்புக்குள்ள வந்து கெடக்க? யாரு உன்னய இங்க போட்டது?” என்று பன்னீரைத் தோளில் சாய்த்துக் கேட்பார். “அந்தப் பச்சை ஸ்வெட்டர் அக்காவா? அழாத. அவங்களுக்கு வீட்ல யாரும் சொல்லிக் குடுக்கலபோல.” பச்சை ஸ்வெட்டர் அக்கா பன்னீரை வாங்கிக்கொண்டு ஓடுவார். வேன்காரர் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டிருந்தார். பாத்ரூம் சுத்தமாக இருக்கிற கடை அந்தச் சாலையில் எங்களுடையது ஒன்றுதான் என்பதால் பயணிகளே அவரை இறங்கி வர வைத்தார்கள்.

டீச்சர் வந்தால் மட்டும் மூஞ்சி அண்ணன் ஒதுங்கி நிற்பார். இரண்டாவது ரேக், மூன்றாவது தட்டு, இடது ஓரம். கை நீளும், ரஸ்க் வரும். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசி நான் கேட்டதில்லை. அந்த எலும்பு பிஸ்கட்டைக் கேட்டு சபைத் தோழி இன்னும் இரண்டு தடவை வந்தார், அது வேறு கதை.

கல்யாணம் ஆகி நான் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டேன். எப்போதாவது அந்தக் கடைக்குப் போன் போடுவேன். இப்போது பில் போடுகிற பெண் எடுப்பாள். “அண்ணன் இருக்காராம்மா?” என்பேன். “இருக்காருங்கக்கா. கூப்புடவா?” என்பாள்.

“வேணாம்மா, வேலையா இருப்பாரு” என்று சொல்லி வைத்துவிடுவேன். இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.