ஏழு முறை துறந்த பதக்கம்

பதக்கம் வாங்கியவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. மார்பைப் பார்த்தால் போதும். பதக்கத்தைத் துறந்தவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள்.

குன்னத்துகால் ஞானசிகாமணி இரண்டு இனத்திலும் இருந்து பார்த்தவர். மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்தபோது, திருவிதாங்கூர் மகாராஜா அந்த வழியாக எழுந்தருளுகிறார் என்று கமுகு மரத்தில் ஒரு வரவேற்பு வளைவு கட்டினார். காற்றில் அது சாயப் பார்க்கவே, அதன் ஒரு காலைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். ராஜாவின் கார் போனதை ஊரே பார்த்தது. இவர் பார்த்ததெல்லாம் குருத்தோலை. ஆனாலும் வளைவு விழவில்லையே! மூன்று மாதம் கழித்து, திருவிதாங்கூர் முத்திரையான வலம்புரிச் சங்கு பொறித்த வெள்ளிப் பதக்கம் வந்து சேர்ந்தது. "எனக்குத் தந்ததா, கமுகுக்குத் தந்ததான்னு இன்னும் தெரியல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கோட்டில் குத்திக்கொள்வார்.

வெள்ளியைத் துலக்கத் திருநீற்றுக்கு இணையில்லை. மிஷன் சபைக்காரர் வீட்டில் திருநீறு ஏது? சனிக்கிழமைதோறும் அடுத்த வீட்டுச் சதாசிவனின் வாசலில் போய் நிற்பார்.

"கொஞ்சம் திருநீறு தாரும் ஓய்."

"எதுக்கு ஓய், மதம் மாறப் போறீரா?"

"நான் மாறல்ல. பதக்கம் மங்கிட்டு."

மறுநாள் ஆராதனையில், ஜன்னல் வெளிச்சம் பதக்கத்தில் விழும்படி கொஞ்சம் திரும்பி நின்றுதான் பாடுவார். ஜெபத்துக்குத் தலை குனியும்போது கண்ணை மூடமாட்டார். குனிந்தால்தானே பதக்கம் நன்றாகத் தெரியும்?

இப்படி இருக்கையில் எல்லைப் போராட்டம் வந்தது. ஐம்பத்து நாலில், ஊர்க் கமிட்டிச் செயலாளர் பொன்னுதாஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, தமிழ்த் தாலுகா எல்லாம் சென்னையோட சேரணும்னு நாங்க தொண்டை கிழியக் கத்துதோம். நீங்க சங்கைக் குத்திக்கிட்டு முன்வரிசையில இருந்தா ஆளு சிரிக்குமாக்கும். மேடையில வச்சு அதைத் துறந்துருங்க."

இரண்டு நாள் ஞானசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. தமிழ்மேல் பற்று உண்டு, பொய்யில்லை. ஆனால் அந்தப் பதக்கத்தைக் கழற்றிவிட்டால் அவர் யார்? ஓய்வு பெற்ற ஓவர்சியர். அப்படி அந்தப் பக்கத்தில் நாலு பேர் உண்டு.

கடைசியில் துறந்தார். குன்னத்துகால் மேடையில் பதக்கத்தைக் கழற்றித் தட்டில் வைத்ததும் எழுந்த கைத்தட்டல் இருக்கிறதே, இருபது வருஷம் அதைக் குத்தியிருந்தபோது கேட்காதது. மாலை போட்டார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் பொன்னுதாஸ் மேடைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"வச்சிக்கிடுங்க. செவ்வாக்கிழமை அடுத்த ஊர்ல கூட்டம் உண்டு. அங்கயும் துறக்கணும். நம்மகிட்ட வேற பதக்கம் கிடையாது."

பிறகென்ன, ஒரு மாதத்தில் ஆறு ஊரில் துறந்தார். தொழில் கைவந்துவிட்டது. முதல் ஊரில் வெடுக்கென்று கழற்றியவர், நாலாவது ஊரில் ஊசியோடு மல்லுக்கட்டி, விரலில் குத்திக்கொண்டு, அந்த விரலைக் கூட்டத்துக்குக் காட்டவும் படித்துக்கொண்டார். சதாசிவனிடம் திருநீறு வாங்குவதை மட்டும் விடவில்லை. துறக்கிற பதக்கம் மின்ன வேண்டாமா? "வாங்கினது ஒரு தடவை, குடுத்தது ஆறு தடவை. ராஜாவை விட நான் பெரிய கொடையாளியாக்கும்" என்று மனைவி லீலாபாயிடம் தன்னைத்தானே கேலி செய்துகொண்டார்.

ஏழாவது கூட்டம் பாறசாலைச் சந்தையில். ஊர் ஊராகப் பாலராமபுரம் புடவை கொண்டுபோய் விற்கும் சோமன் துணிமூட்டையோடு நின்றிருந்தார். ஊசி விரலில் குத்துகிற இடம் வந்ததும் அவர் நிதானமாகக் கேட்டார்:

"ஓவர்சியரே, இது மூணாவது தடவையாக்கும் நான் பாக்குதது. இன்னைக்காவது குடுத்துட்டுப் போவீரா?"

சந்தையே சிரித்தது. பொன்னுதாஸ் மேடைப் பலகையை எண்ணத் தொடங்கினார். ஞானசிகாமணிக்கு அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் அவர்தான்.

"உள்ளதுதான் மக்கா. அன்னைக்குக் கமுகைப் பிடிச்சவன் இன்னும் கையை விடல்ல."

மேடையை விட்டு இறங்கினார். சந்தைக் கிணற்றடிக்கு நடந்தார். பதக்கத்தை உள்ளே போட்டார். சின்னச் சத்தம்தான் கேட்டது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போலக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"போச்சா?" என்றாள் லீலாபாய், வீடு வந்து சேர்ந்ததும்.

"போச்சு."

"அப்பாடா. இனி மனுஷனா வேதக்கோயிலுக்கு வருவிய."

வந்தார். ஆனால் கோட்டில் ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள் இருந்தனவே! பஸ் ஸ்டாண்டில் நிற்பார். பக்கத்தில் இருப்பவர் கேட்காவிட்டாலும் விரலை அங்கே கொண்டுபோவார். "இதுவா? இங்க ஒரு பதக்கம் உண்டாயிருந்து. கிணத்துல போட்டேன்." லீலாபாய் பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்த ஓட்டைகளைத் தைத்துவிட்டாள். மறுநாள் அவர் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தாறில் கோடு கிழித்தார்கள். பாறசாலையும் குன்னத்துகாலும் கேரளத்திலேயே நின்றுவிட்டன, அந்தக் கிணறும்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒரு பொன்னாடையையோ தலைமைப் பதவியையோ எப்போதாவது வேண்டாம் என்றிருக்கிறீர்களா? அதை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? இதை எழுதியவர் தம் பெயரே போட வேண்டாம் என்று பத்திரிகாசிரியரிடம் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னதை மட்டும் தவறாமல் போடச் சொல்லியிருக்கிறார். நீங்களும் எதற்கும் சட்டையின் இடப்பக்கத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள்.