சாயபு காருக்குக் கல்லு மாதிரி காத்து

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தோல் மண்டி சாயபுவை ஆம்பூர்லேர்ந்து பேரணாம்பட்டுக்குக் கார்ல கூட்டிப்போகணும். அங்கே அவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கப் போறாங்க. பகல் தொழுகைக்கு முன்னே வந்துடணும்னு மாப்பிள்ளையோட தகப்பனார் கண்டிப்பா சொல்லி அனுப்பியிருந்தார். நேரம் தவறுற ஆளோட சம்பந்தமே வேணாமாம்.

கார் ஓட்ட வர்றதுக்கு முன்னே நான் மண்டியில தோல் பதம் பார்த்தவன். எதையும் கட்டைவிரலால அழுத்தித்தான் தீர்ப்பு சொல்வேன். டயரையும் அழுத்தினேன். லேசா அமுங்குச்சு.

"முதலாளி, செருப்புக்கு அடித்தோல் கெட்டியா இருந்தா நடை லேசு. டயருக்கும் அதேதான். நல்லா காத்தடிச்சா பெட்ரோல் கம்மியா குடிக்கும்."

சாயபுவும் தோல்காரர்தானே. அவரும் அழுத்திப் பார்த்தார். "இன்னும் அடிப்பா."

விரல் அமுங்காமப் போற வரைக்கும் அடிச்சேன். அதோட நின்னேனா? மேல்செலவுக்கு வச்சிருந்த பெட்ரோல் டின்னையும் காத்தடிக்கிற பம்பையும் இறக்கி வச்சேன். பாரம் குறைஞ்சா இன்னும் மிச்சம் பாருங்க.

ஊர் எல்லை தாண்டலை, ஒவ்வொரு கல்லுக்கும் கார் குதிச்சுது. சாயபு தலை கூரைக் கம்பியில இடிச்சுது. ஒரு வளைவுல வண்டி வழுக்கி வேலியை உரசிட்டு வந்துச்சு.

"ஏப்பா கோவிந்தா, பெட்ரோல் மிச்சமாவும் சரி. நான் மிச்சமாவேனா?"

பாலாத்து மணல்ல இறங்கினதும் நாலு சக்கரமும் புதைஞ்சுபோச்சு. வேற வழியில்லாம காத்தை இறக்கினேன். டயர் பரந்து மணலைப் பிடிச்சு, கார் அக்கரை ஏறிடுச்சு.

"பலே. இப்ப மறுபடி காத்தடி."

"பம்பு வீட்ல இருக்குது, முதலாளி."

ஊறவச்ச தோல் மாதிரி தொளதொளத்த டயரோட கார் முக்கி முக்கிப் போச்சு. இருந்த பெட்ரோலை எல்லாம் குடிச்சுட்டு, பேரணாம்பட்டுக்கு ஒரு மைல் இருக்கச்சே நின்னுடுச்சு.

"டின்னு?"

"பம்பு பக்கத்துலயே பத்திரமா இருக்குது."

சாயபு இறங்கி, ரோட்டுல ஏதாவது வண்டி வருதான்னு பார்க்க ஆரம்பிச்சார்.

நல்லவேளை, பச்சைத்தோல் ஏத்தின மாட்டு வண்டி ஒண்ணு வந்துச்சு. காரை அதோட பின்னால கயிறு போட்டுக் கட்டினோம். முன்னால பச்சைத்தோல் நாத்தம், பின்னால சாயபுவோட அத்தர் வாசம். அப்படியே ஊருக்குள்ள ஊர்வலம்.

பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னே மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நின்னோம். மாப்பிள்ளையோட தகப்பனார் வெளியே வந்தார். மாட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"இன்னா பாய் இது?"

"நேரத்துக்கு வரச்சொன்னீங்க. கார் வரமாட்டேன்னுச்சு. கட்டி இழுத்துட்டு வந்துட்டேன்."

அவர் சிரிச்ச சிரிப்புல மாடே மிரண்டுச்சு. சாயபுவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். சம்பந்தம் வாசல்லயே முடிஞ்சுது.

இப்பல்லாம் விரல் கொஞ்சம் அமுங்கற அளவுக்குத்தான் காத்தடிக்கறேன். பெட்ரோலே குடிக்கக் கூடாதுன்னா, அதுக்கு மாடு இருக்குது.