கழுதையை மெச்சிய விருந்தாளி

மெச்சும் விருந்தாளி என்று ஓர் இனம் உலகத்தில் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே உங்கள் வாசற்படியைப் புகழ்வார். உள்ளே வந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்து ‘அடடா’ என்பார், உட்கார்ந்த மெத்தையைத் தடவி ‘என்ன மென்மை’ என்பார், நீங்கள் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுத் தண்ணீரைப் புகழ்ந்து, அது இருந்த குவளையைப் புகழ்ந்து, அந்தக் குவளையைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். குற்றம் சொல்ல முடியுமா? திட்டுகிறவரைப் பதிலுக்குத் திட்டலாம். மெச்சுகிறவரை என்ன செய்வது?

உங்கள் ஊரில் இவரால் பெரிய ஆபத்து கிடையாது. பல்லைக் காட்டிச் சிரித்து, பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆப்கானிஸ்தானில், பாமியானுக்கு மேற்கே, கார் போகும் பாதை முடிந்த பிறகும் அரை நாள் நடக்க வேண்டிய எங்கள் கிர்காவ் கிராமத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை. ஒரு பொருளை விருந்தாளி நன்றாக இருக்கிறது என்று சொன்னால், வீட்டுக்காரன் ‘உங்களுதுதான், எடுத்துக்குங்க’ என்று சொல்லியாக வேண்டும். விருந்தாளி உடனே நெஞ்சில் கைவைத்து ‘உங்ககிட்ட இருக்கறதுதான் அதுக்கு அழகு’ என்று சொல்லியாக வேண்டும். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், இருவருக்கும் மானம் மிஞ்சும். இப்படியாக எங்கள் ஊரில் ஒவ்வொரு தேநீர்க் குவளையும் எத்தனையோ பேருக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுகூட வீட்டை விட்டுப் போனதில்லை.

அந்திரிக் வரும் வரை.

ஹென்ட்ரிக் என்பது அவர் பெயர். எங்கள் வாயில் அது அந்திரிக் ஆனது. மலையே இல்லாத நாட்டிலிருந்து, மலையைப் பார்ப்பதற்காக, முதுகில் ஒரு மூட்டையும் கழுத்தில் ஒரு கேமராவுமாக, கதிரடித்து முடிந்த பருவத்தில் தனியாக நடந்து வந்தார். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு என் சித்தப்பா மகன் சமன் அலியுடையது. வழிப்போக்கன் முதலில் யார் வீட்டு முன்னால் மூச்சு வாங்குகிறானோ, விருந்தாளி அவர்களுக்குத்தான். அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து சமன் அலிக்கு அதில் ஏகப் பெருமை.

எங்கள் மொழியை அந்திரிக் காபூலில் யாரிடமோ கற்றிருந்தார். கற்றுக்கொடுத்தவர் தாளில் இருப்பதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

“தங்கள் இல்லம் மிகவும் அழகாக இருக்கின்றது” என்றார்.

“இதென்ன, முல்லா பிரசங்கம் பண்ற மாதிரி பேசறாரு” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் நேக்பக்த். சமன் அலியின் மனைவி. ஊரில் அவள் நாக்குக்குப் பயப்படாதவர்கள் இரண்டே வகை, காது கேளாதவர்களும் கைக்குழந்தைகளும்.

வீட்டைப் புகழ்ந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டை யார் தூக்கிக்கொண்டு போக முடியும்? தேநீர் வந்தது. நீலக் கோடு போட்ட குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இக்குவளை மிகவும் அழகாக இருக்கின்றது.”

“உங்களுதுதான், எடுத்துக்குங்க” என்றான் சமன் அலி, வழக்கம்போல.

அந்திரிக் கண் கலங்கினார். நெஞ்சில் கைவைத்தார். நாங்கள் அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தோம். அவரோ மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு, குவளையைக் கைக்குட்டையில் துடைத்து, மூட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. ஆப்கானியர் எதைக் கொடுத்தாலும் மறுக்காதே, மறுத்தால் அவர்களுக்கு அவமானம் என்று யாரோ அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாதிப் பாடம். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் அவருக்குப் பேருந்து வந்துவிட்டதோ என்னவோ.

அடுத்து விழுந்தது கோட்டு. சொந்த ஆட்டு மயிரை நேக்பக்த் நூற்று, நெய்து, காலால் மிதித்துத் துணியை இறுக்கித் தைத்த கம்பளிக் கோட்டு. சமன் அலி அதைத் திருமணங்களுக்கு மட்டும்தான் போடுவான். ஆணியில் தொங்கியதை அந்திரிக் பார்த்தார். நேக்பக்த் அவர் பார்ப்பதைப் பார்த்தாள். ஓடி வந்து முன்னால் நின்று மறைப்பதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார். மறுநாள் சிறு கம்பளம் ஒன்று போனது. அதற்கு மறுநாள் கெண்டி.

சாப்பாட்டில் மட்டும் இந்தப் பழக்கம் அவரையே கடித்தது. காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்துக் கொதிக்கவைத்து, ரொட்டிமேல் ஊற்றி, உருக்கிய கொழுப்பை மேலே விட்டுக் கொடுத்தோம். முதல் வாயிலேயே முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் பழக்கம் விடுமா? “மிகவும் சுவையாக இருக்கின்றது” என்றார். நேக்பக்த் உடனே இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அதுதான். அவர் மெச்ச மெச்சத் தட்டு உயர்ந்தது. யாரும் பார்க்காதபோது கதவுக்கு வெளியே தள்ளிவிடுவார். சமன் அலியின் நாய் அந்த வாரம் பெருநாள் கொண்டாடியது.

இதற்குள் ஊர் உஷாராகிவிட்டது. அந்திரிக் தெருவில் நடந்தால் கோழிகள் உள்ளே விரட்டப்பட்டன. என் ரேடியோவை நான் வைக்கோலுக்குள் புதைத்தேன். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே திட்டத் தொடங்கினார்கள். “இதுவா, ஓட்டை வாளிங்க. தண்ணி நிக்காது” என்று தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த வாளியைக் காட்டி ஒருவன் சத்தியம் பண்ணினான்.

புறப்படும் காலை வந்தது. நிம்மதியாக எல்லாரும் வழியனுப்ப வந்தோம். சமன் அலியின் கழுதை சுவரோரம் நின்றிருந்தது. அந்திரிக் அதன் நெற்றியைத் தடவினார். சமன் அலியின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

“இக்கழுதை மிகவும்...”

முழுவதும் சொல்ல வேண்டுமா?

அந்த வீட்டுக்குக் கழுதை என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பனி விழுவதற்குள் மலைச்சரிவிலிருந்து முட்செடிகளை வெட்டிக் கொண்டுவந்து கூரையில் அடுக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அதுதான் அடுப்பு, அதுதான் கணப்பு. கழுதை இல்லாதவன் தன் முதுகில் சுமக்க வேண்டும். முதுகில் சுமக்கிறவன் பாதிதான் சேர்ப்பான். பாதி விறகில் முழுக் குளிர்காலத்தைக் கழித்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். பார்க்க நன்றாக இருக்காது.

“உங்களுதுதான்” என்றான் சமன் அலி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கம்பளத்தையும் கெண்டியையும் தன் மூட்டையையும் அதன்மேல் ஏற்றிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, அந்திரிக் கிளம்பினார். திருப்பத்தில் மறையும் வரை நேக்பக்த் வாயைத் திறக்கவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

“போயிட்டாரா?” என்றாள் பிறகு.

“போயிட்டாரு.”

“அப்ப வாங்க, சேணத்த உங்களுக்கு அளவு பாத்துடலாம்.”

“வாயிலேருந்து வந்துட்டுதே, நான் என்ன செய்ய?”

“அந்த வாய வச்சே விறகயும் கடிச்சு இழுத்துட்டு வாங்க.”

சமன் அலி கயிற்றை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். மாலையில் அவன் கொண்டுவந்த முட்செடி ஒரு ரொட்டி சுடக்கூடப் போதாது. இரவல் கழுதை கேட்கலாம் என்றேன். பருவத்தில் யார் கொடுப்பார்கள் என்றான். என் கழுதையே என்னிடம் சும்மா இல்லை. அவன் கழுத்தில் கயிறு அறுத்த காயத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நடுப்பகலில் கழுதை திரும்பி வந்தது. தனியாக. விருந்தோம்பல் முறைகளை யாரும் அதற்குக் கற்றுத் தந்ததில்லை. மேய விட்ட இடத்திலிருந்து நேராக வீட்டுக்கு நடந்து வந்துவிட்டது, அந்திரிக்கின் மூட்டை முடிச்சு அத்தனையும் முதுகில்.

நேக்பக்த் சிரித்தாள். சமன் அலி சிரிக்கவில்லை. “தொடாதே. அது விருந்தாளியோட கழுதை” என்றான். சுமையை இறக்கி, துணி விரித்து ஒழுங்காக வைத்தான். தன் சொந்தக் கழுதையாக இருந்த காலமெல்லாம் காய்ந்த புல்லைத் தவிர எதையும் காட்டாதவன், இப்போது அதன் முன்னால் பார்லியைக் கொட்டினான். கழுதை அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் அந்திரிக் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். “என் கழுதை வழி தவறி இங்கே வந்துவிட்டது” என்றார்.

வழி தவறியதாம்.

தேநீர் கொடுத்தோம். அவர் குடித்து முடிக்கும் வரை நேக்பக்த் காத்திருந்தாள். பிறகு கழுதையின் பக்கத்தில் போய் நின்று, சத்தமாக, “எவ்வளவு அழகான கழுதை” என்றாள்.

“நன்றி” என்றார் அந்திரிக், மலர்ந்து.

“என்ன காது. என்ன நடை. இந்தப் பள்ளத்தாக்குலயே இப்படி ஒண்ணு கிடையாது.”

“ஆம். மிகவும் புத்திசாலி.”

“வாய மூடு” என்று பல்லுக்குள் சொன்னான் சமன் அலி. அவமானத்தில் அவன் காதுமடல் சிவந்திருந்தது. நேக்பக்த் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கழுதையின் கழுத்தில் கை வைத்தபடி விருந்தாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்திரிக்கின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. கழுதையைப் பார்த்தார். துணிமேல் இருந்த கம்பளத்தைப் பார்த்தார், கெண்டியைப் பார்த்தார். சமன் அலியின் கழுத்துக் காயத்தைப் பார்த்தார். பிறகு தன் உடம்பில் இருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். முடிக்கும் கழுத்துக்கும் இடையே இருந்த தோலெல்லாம் செக்கச் சிவந்துபோனது.

“இது தங்களுடையதுதான். எடுத்துக்...”

முறைப்படி நேக்பக்த் ஒரு தடவையாவது மறுத்திருக்க வேண்டும். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கயிறு அவள் கையில் இருந்தது.

அந்திரிக் மற்றதையும் திருப்பித் தரப் பார்த்தார். சமன் அலி கொதித்துவிட்டான். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற குடும்பமா இது? இருவரும் கம்பளத்தின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். நேக்பக்த் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கம்பளத்தை மெச்சினாள், கம்பளம் வந்தது. கெண்டியை மெச்சினாள், கெண்டி வந்தது. குவளையையும் மறக்கவில்லை. அந்திரிக் கோட்டைக் கழற்றத் தொடங்கியபோது மட்டும் தலையசைத்தாள்.

“அது ஒண்ணும் அவ்வளவு நல்லா இல்ல” என்றாள். “போட்டுக்கிட்டே போங்க. கணவாயில காத்து வெட்டும்.”

சமன் அலி அன்றைக்கு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

மறுநாள் அந்திரிக் மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு புறப்பட்டார். திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? திருப்பத்தில் நின்று, கையை அகல விரித்து, “உங்கள் மலை மிகவும் அழகாக இருக்கின்றது” என்று கத்தினார். சமன் அலி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான்.

“சொல்லுங்க சொல்லுங்க” என்றாள் நேக்பக்த். “அத மட்டும் தாராளமா தூக்கிட்டுப் போகட்டும்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேரம் கிடைக்கும்போது உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். நீங்கள் கடையில் வாங்காத பொருள் ஒன்றாவது இருக்கும். யாரோ உறவினர் வீட்டுப் பித்தளைக் கிண்ணமோ, நண்பருடைய பேனாவோ. ‘ஆசையாகக் கொடுத்தார்கள்’ என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருப்பீர்கள். அவர்கள் கொடுப்பதற்குச் சற்று முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நினைவிருக்கிறதா? இல்லையென்றால் ஒருமுறை எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள். நேக்பக்த் வீட்டில்தான் தங்கவைப்போம். உங்கள் கைக்கடிகாரம் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று மட்டும் வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.