சத்தம் குறையாத லாரி

லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு.

"பக்கத்து வீடு சார். தீனதயாளன், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். உங்க வண்டிச் சத்தம் தாங்க முடியலை."

நாச்சிமுத்து தவழ்ந்து வெளியே வந்தார். அம்மாபேட்டையிலிருந்து யாரோ தனியாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். பழைய மிலிட்டரி வண்டிங்க. கார்த்தால ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதானுங்க."

"குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவர். பாறையைத் துளைக்கிற இரைச்சலுக்குப் பக்கத்தில், ஒரு கூட்டம் ஆட்களுக்கு நடுவே படுத்துத் தூங்கிப் பழகியவர். இப்போது மனைவி இல்லை. மகன் புனேயில். நாமக்கல் புறநகரில் இருந்த அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டு மறுபடி ஓட ஆரம்பிப்பதுகூடக் கேட்டது. அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் ஏலத்தில் அந்த ராணுவ லாரியை எடுத்தார். மகனிடம் மட்டும் வேறு காரணம் சொன்னார்.

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காடு மேடெல்லாம் ஜீப் ஏற்றுகிற ஒரு கூட்டம் இருந்தது. அதன் தலைவர் இளஞ்செழியன் போனில், "நாலு சக்கரமும் இழுக்கற வண்டியாண்ணா? ரெடி பண்ணுங்க. போதமலை அடிவாரத்துக்கு எல்லாரும் சேர்ந்து போலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த 'எல்லாரும் சேர்ந்து'க்காக நாச்சிமுத்து பெரிய டயர் போட்டார். சேற்றில் சிக்கினால் இழுக்க முன்னால் வின்ச் மாட்டினார். கூரைமேல் விளக்கு வைத்தார். பின்னால் ஆட்கள் உட்கார இரண்டு பக்கமும் பெஞ்ச் அடித்தார்.

இப்போது சத்தத்தையும் குறைக்க வேண்டியதாயிற்று. மெக்கானிக் மாரி ஒரு சொகுசு பஸ்ஸின் சைலன்சரைக் கொண்டுவந்து பொருத்தினான்.

"இனி பூனை மாதிரி போகுமுங்ணா."

மறுநாள் காலை வெள்ளைச் செருப்பு மறுபடி வந்தது.

"நேத்தைவிட இன்னிக்கு அதிகம் சார்."

"அப்படிங்களா? சைலன்சர் மாத்தியாச்சுங்களே."

தீனதயாளன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலமெல்லாம் பேசியே பழகின வாத்தியார், பிறர் பேச்சைக் கேட்டா பழக்கம் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். மரியாதைக்காக ஒரு டம்ளர் டீயை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, டியூப்லைட்டைத் திருடிய ஒரு மாணவன் பிற்பாடு கரண்ட் ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

"புகைக் குழாயை மேல தூக்கிட்டா சத்தம் வானத்துக்குப் போயிருமுங்ணா" என்றான் மாரி. தண்ணீரில் இறங்கவும் வசதி என்று நாச்சிமுத்து சம்மதித்தார். சத்தம் வானத்துக்குப் போனதோ இல்லையோ, கரி முழுக்கத் தீனதயாளன் மாடியில் காய்ந்த வேட்டிகளுக்குப் போனது.

"இப்பவும் தாங்கலை சார்" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

அடுத்து, இன்ஜினைச் சுற்றி மெத்தை வைத்துக் கட்டலாம் என்று நாச்சிமுத்துவே ஒரு யோசனை கண்டுபிடித்தார். கட்டிலில் ஆளில்லாத பக்கம் ஒரு இலவம்பஞ்சு மெத்தை சும்மாதான் கிடந்தது. சற்று நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வெட்டிக் கட்டினார். வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் தீப்பிடித்துக்கொண்டது. முதல் ஆளாகத் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தவர் தீனதயாளன்தான்.

"சத்தம் பத்தாதுன்னு நெருப்பு வேறயா சார்?"

கொதிக்கிற இன்ஜின்மேல் அவர் வாளியைக் கவிழ்த்ததும் அது டப்பென்று வெடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் மாரி புது மாடல் இன்ஜின் ஒன்றை ஏற்றினான். இப்போது வண்டி ஓடுகிறதா என்பதையே கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாரம் இளஞ்செழியன் நண்பர்களோடு வந்து பார்த்தார்.

"என்னங்கண்ணா, பேட்டரி கார் மாதிரி இருக்குது. அந்த உறுமலைக் கேக்கத்தானே பசங்க வந்தாங்க?"

லாரிமுன் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப்பின் போன் வரவில்லை. நாச்சிமுத்து பெஞ்சுகளைத் துடைத்து வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார். ஸ்டார்ட் பண்ணி எங்கே போவது?

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குத் தீனதயாளன் வந்தார்.

"இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா சார்? காது கிழியுது."

"பேட்டரி ஊட்டுக்குள்ள இருக்குதுங்க சார்."

"சர்க்கரை கொஞ்சம் கம்மியாப் போடுங்க" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாச்சிமுத்துவுக்குக் கிலி பிடித்தது. ரிக் வேலையில் தன் காதுதான் செத்துவிட்டதோ என்று பஸ் ஏறி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காது டாக்டரிடம் போனார். டாக்டர் சோதித்துவிட்டு, "உங்க வயசுக்கு இது நல்ல காது" என்றார்.

"அப்ப நிறுத்தின வண்டி எப்படிங்க இன்னொருத்தருக்குக் கேக்கும்?"

"சிலருக்கு ஒரு இரைச்சல் மனசுல தங்கிட்டா, நின்ன பிறகும் கேட்டுக்கிட்டே இருக்கும். பாவம், அவருக்குத்தான் கஷ்டம்."

பஸ்ஸில் திரும்பும்போது நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்காத துக்கம். தினமும் வந்து உட்கார்கிற ஒரே மனுசன். அவர் மண்டைக்குள் இவ்வளவு பெரிய லாரியை ஏற்றிவிட்டோமே.

மேச்சேரியில் ஆடு வளர்க்கும் சென்னிமலை ஏற்கெனவே வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார். நாச்சிமுத்து வரச்சொன்னார். சென்னிமலை பெஞ்சுகளைத் தட்டிப் பார்த்து, "இதுகளைப் பேத்துட்டா இன்னும் கொஞ்சம் ஆட்டு உருப்படி நிக்குமுங்க" என்றார்.

அன்று காலை தீனதயாளன் வழக்கம்போல வந்தவர், சென்னிமலை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்றுவிட்டார். புகார் எதுவும் சொல்லவில்லை. டீயையும் வாங்கவில்லை. வெறுமனே லாரியைப் பார்த்தார்.

அவர் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். கோவையிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த மகள் தேவிப்ரியா.

"நீங்கதான் நாச்சிமுத்து மாமாவா? அப்பா உங்களைப் பத்தித்தான் தினம் மெசேஜ் போடுவாரு. வண்டியக் குடுக்கறீங்களா? ஏனுங்க?"

"உங்கப்பாவுக்குச் சத்தம் ஆகலைங்க சாமி" என்றார் நாச்சிமுத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. "அவரும் எத்தனை நாளுதான் பொறுத்துக்குவாரு? தெனமும் வந்து சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டாருங்க."

தேவிப்ரியா புரியாமல் அப்பாவையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சத்தமா? அப்பாவுக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காதுங்களே மாமா. மெஷின் வாங்கிக் குடுத்தாலும், வீட்ல யாரு பேசறாங்க கேக்கறதுக்குன்னு கழட்டிப் பெட்டியில வெச்சிருக்காரு."