அச்சகம் கொடுத்த எம்.பில்.

கயல், மாறா, இரண்டு பேரும் கேளுங்கள். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் நீங்கள் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கதையை நானே ஒருமுறை எழுதிவிடுகிறேன். நீங்கள் சொல்லும்போது நான் தாம்பூலத் தட்டோடு தடுக்கி விழுந்ததாகவும் சேர்த்துவிடுகிறீர்கள். நான் விழவில்லை. (விழுந்திருந்தால்கூடத் தேவலை.)

ஐ.டி.ஐ. முடித்துத் திருவெறும்பூர் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறவன் நான். என் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எதுவுமில்லை. அதனால் உங்கள் சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகைக்குக் குடும்பத்தார் பெயர்களை எழுதிக் கொடுத்தபோது கை சும்மா இருக்கவில்லை. 'கயல்விழி எம்.ஏ., எம்.பில்.' என்று எழுதினேன். கயல் அப்போது எம்.ஏ. மட்டும்தான் முடித்திருந்தாள். எப்படியும் வாங்கப் போகிறவள்தானே என்று ஒரு நினைப்பு. (இரண்டாம் வருடத்தில் மூன்று அரியரோடு இருந்த மாறனுக்கும் பி.இ. கொடுத்துவிட்டேன்.)

கயல் முன்னமே சொன்னாள். "எம்.பில்.லையே எடுத்துட்டாங்கப்பா. இனிமே எம்.ஏ. முடிச்சா நேரா பிஎச்.டி.தான். அதுக்கு நுழைவுத் தேர்வு வச்சிருக்காங்க."

"ஸ்ரீரங்கத்துல ஏறினா நடுவுல சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்காம பஸ் ஜங்ஷன் போகுமா?" என்று கேட்டேன்.

"இந்த பஸ் போகுதுப்பா."

நான் நம்பவில்லை.

வரலாற்றுத் துறையில் ஒரு பேராசிரியை. அவரிடம் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம்தான் காலி. அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கயல் அவரைப் பார்க்கக் கிளம்பிய அன்று நானும் லீவு போட்டுவிட்டேன். அன்று காலையில்தான் அச்சகத்திலிருந்து பத்திரிகைகள் வந்திருந்தன. பெரிய மனுஷியை முறையாக அழைத்தால் இடம் உறுதி என்று தோன்றியது. தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் பைக்குள் போயின. கயலுக்குத் தெரியாது.

துறை வாசலில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், தாகமில்லாமல் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

"ஒரு எடத்துல உக்காருங்கப்பா. என்னைவிட நீங்கதான் பயப்படறீங்க" என்று சொல்லிவிட்டுக் கயல் உள்ளே போனாள்.

பத்து நிமிஷத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். இதுதான் சமயம் என்று தட்டோடு நுழைந்தேன்.

"மேடம், என் தம்பிக்குக் கல்யாணங்க. குடும்பத்தோட வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். பத்திரிகையைக் கடைசி வரி வரை படித்தார். (வரலாறு படித்தவர்கள் எதையும் அடிவரை படிப்பார்கள்போல.)

"கயல்விழி, நீ எம்.பில். முடிச்சிருக்கியா? சொல்லவேயில்லையே."

கயல் பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "இல்ல மேடம்."

"நாங்க நிறுத்தின பட்டத்தை உனக்கு யாரும்மா குடுத்தது?"

"நான்தாங்க" என்றேன்.

"நீங்க எந்தப் பல்கலைக்கழகங்க?"

"லேத் பட்டறைங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஆராய்ச்சின்னா இருக்கறதை இருக்கறபடி எழுதணும். பேர்லயே இப்படின்னா எப்படிம்மா?"

"அவளுக்கு எதுவும் தெரியாதுங்க" என்று ஆரம்பித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விளக்கினேன். பாதிக் கையெழுத்தில் கீழே வைத்திருந்த பேனாவை அவர் மூடிவிட்டார். "நுழைவுத் தேர்வு எழுதிட்டு வா. மார்க்கைப் பார்த்துட்டுப் போடறேன்."

திரும்பும்போது பஸ்ஸில் கயல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் சத்திரத்தில் நின்றதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "இறங்கி எம்.பில். வாங்கிட்டு வாங்கப்பா."

அன்றிலிருந்து நம் வீட்டில் எனக்குத் துணைவேந்தர் என்று பெயர். அச்சகக்காரர்கூட இப்போது எதை அடிக்கக் கொடுத்தாலும், "பட்டமெல்லாம் நிஜமாவே வாங்கியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறார். கயல் நல்ல மார்க் வாங்கி, அதே மேடத்திடமே சேர்ந்துவிட்டதால் எல்லோராலும் சிரிக்க முடிகிறது.

தேர்வு நாளில் சிரிப்பு வரவில்லை. கயல் உள்ளே போன பிறகு, கூட்டம் கலைந்த அறிவிப்புப் பலகையில் அவள் பெயரைத் தேடினேன். 'கயல்விழி மு.' பக்கத்தில் ஓர் எண். வேறெதுவும் இல்லை. பலகையின் கண்ணாடி முழுக்கப் புழுதி. கைக்குட்டையை எடுத்து அவள் பெயர் இருந்த இடத்தைத் துடைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கும் அப்பா இருப்பார்களே என்று தோன்றியது. மேலிருந்து கீழ் வரை முழுக் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வந்தேன்.