பெருச்சாளி வீட்டு ஃபோகஸ் லைட்

ஒரு காட்டில், வேறு யாருக்கும் திருட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தானே திருடி முடித்த பெருச்சாளி ஒருவர் வாழ்ந்துவந்தார். பெயர் மாணிக்கவேலு. வளை நிறையக் கிழங்கு வைத்திருப்பவரை 'அது' என்று சொல்வது நம் வழக்கமில்லை. கடைசி மரவள்ளிக் கிழங்கையும் உள்ளே உருட்டிய பிறகுதான் அவருக்கு ஒரு கவலை பிறந்தது: காட்டில் திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டதே!

உடனே வளை வாசலில் கம்பம் நட்டு, உச்சியில் ஒரு ஃபோகஸ் லைட் மாட்டினார். கிரிக்கெட் மைதானத்தில் மாட்டவேண்டிய லைட். பாதி வெளிச்சம் அவர் வாசலில் விழுந்தது. மீதி, பக்கத்துத் தாழம்புதரில் விழுந்தது.

அந்தப் புதரில் வடிவு என்ற மின்மினி தன் ஒரே மகள் சுடர்க்கொடியோடு குடியிருந்தாள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம். மின்மினிக் குலத்தில் ஜாதகமும் கிடையாது, பஜ்ஜி சொஜ்ஜியும் கிடையாது. மாப்பிள்ளை பறந்துகொண்டே மினுக்குவார். பெண் புதரில் உட்கார்ந்து பதிலுக்கு மினுக்குவாள். பிடித்திருந்தால் இறங்கி வருவார். அதற்கு இருட்டு வேண்டும். அதுவும் அந்த மழைக்காலத்துக்குள் முடியவேண்டும். மின்மினிப் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆயுளில் ஒரே ஒரு மழைக்காலம்தான்.

சுடர்க்கொடி மினுக்கினாள். மேலே பறந்தவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. வடிவு பெருச்சாளியிடம் போனாள்.

"அண்ணே, லைட்டைக் கொஞ்சம் திருப்பி வச்சுக்குங்களேன். பொண்ணு மினுக்கறது யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேங்குது."

"என் கம்பம், என் லைட்டு. வெளிச்சத்தப் பாத்து நீ ஏம்மா பயப்படற? மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்" என்றார் மாணிக்கவேலு, மடியில் இருந்த கிழங்கைச் சரிசெய்துகொண்டே.

குடியிருப்போர் சங்கத் தலைவர் நரி ஏகாம்பரத்திடம் போனாள்.

"சொந்தச் செலவுல ஏரியாவுக்கே வெளிச்சம் குடுத்திருக்காரு. அவருக்குப் பொன்னாடை போத்தலாம்னு இருக்கோம். நீங்களும் வந்து ஃபோட்டோவுல நில்லுங்கம்மா" என்றார் நரி. பேசும்போது வாயில் மரவள்ளி மணத்தது.

நியாயம் எடுபடாத இடத்தில் திருஷ்டி எடுபடும் என்று வடிவுக்குத் தோன்றியது. மறுநாள் பெருச்சாளி வளையை ஏற இறங்கப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"என்னம்மா பாக்கற?"

"ஒண்ணுமில்லண்ணே. இந்த வெளிச்சத்துல உங்க கிழங்கு என்னமா மின்னுது! போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. எனக்கென்ன, சொல்லணும்னு தோணிச்சு."

பெருச்சாளியின் மீசை நடுங்கியது. அப்போதே ஏணியைப் போட்டு ஏறினார். வடிவு மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

அவள் யோசனையில் தப்பில்லை. ஆள்தான் தப்பு. யோக்கியன் என்றால் லைட்டை அணைத்திருப்பான். மாணிக்கவேலு அதை முழுசாகத் தாழம்புதர் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். "படற கண்ணு அங்க படட்டும்" என்றார். அவர் வாசல் இருட்டானது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

அன்று பார்த்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பத்துப் பையன், மதியழகன். சுடர்க்கொடி உயிரைக் கொடுத்து மினுக்கினாள். அவன் இறங்கித்தான் வந்தான். ஆனால் லைட்டைப் பார்த்தபடி வாய் பிளந்து நின்றான்.

"என்ன நிறம்! என்ன களை!"

"தம்பி, அது லைட்டுப்பா. பொண்ணு இதோ இருக்கா" என்றாள் வடிவு.

அவன் சுடர்க்கொடியை அந்த வெளிச்சத்தில் மேலும் கீழும் பார்த்தான்.

"பூச்சி மாதிரில்ல இருக்கு!" என்றது அந்தப் பூச்சி.

நேராகப் பெருச்சாளியிடம் போய்ப் பெண் கேட்டான். தனக்கு ஒரு பெண் இருப்பதே மாணிக்கவேலுவுக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சம்மதித்தார். மாப்பிள்ளையின் ஜாதி சனம் மொத்தமும் கம்பத்தைச் சுற்றி மொய்த்தது. "மருமகளைக் கண்ணால பாக்க முடியல, அப்பிடிக் கூசுது!" என்று மாமியார்க்காரி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று அவளே தாழம்புதருக்கு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தாலி கட்டறப்போ பின்னாடி நின்னு விளக்குப் பிடிக்க நாத்தனார் வேணும். என் பையனுக்குக் கூடப்பிறந்த பொண்ணு இல்ல. உங்க சுடர்க்கொடியை அனுப்புங்க. அவளும் அவனுக்குத் தங்கச்சி மாதிரிதானே!"

வடிவு மகளுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "போகாதடி" என்றாள்.

"மழை விட்டுப்போச்சும்மா. இனிமே யாருக்காக மினுக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டுச் சுடர்க்கொடி கிளம்பினாள்.

கம்பத்தின் பின்னால் நின்று, தன்னிடம் இருந்த வெளிச்சத்தையெல்லாம் திரட்டி விளக்கேற்றிப் பிடித்தாள். கெட்டிமேளம் கொட்டியது. ஏகாம்பரம் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும், மாமியார்க்காரி கூசிய கண்ணோடு சுடர்க்கொடி பக்கம் திரும்பி அதட்டினாள்.

"என்னடி மசமசன்னு நிக்கற? விளக்கை ஏத்து!"

நீதி: பெண்ணைப் பெற்றவர்களே, விளக்கேற்றக் கற்றுக்கொடுத்து அவள் வாழ்க்கையைக் கெடுக்காதீர்கள். கிழங்கு திருடக் கற்றுக்கொடுங்கள். கம்பம், லைட், பொன்னாடை, மாப்பிள்ளை எல்லாம் தானாக வந்து சேரும்.